ஊரே அச்சகம்: சிவகாசியில் காகிதம் சரக்காகும் விதம்

தீக்குச்சியை விற்கப் பெட்டி வேண்டும். பெட்டியை விற்க அதன் மேல் ஒரு படம் வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் கடைக்குப் போய் அணில் என்றோ காக்கா என்றோ கேட்டு வாங்க அந்தப் படம்தான் துணை. சிவகாசியின் அச்சுத் தொழில் பிறந்தது இந்தத் தேவையில்தான். 1922-ல் அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-ல் சொந்த ஊரில் தொழில் தொடங்கியது. தீப்பெட்டி பெருகப் பெருக, அதில் ஒட்டும் லேபிளும் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. வெளியூரிலிருந்து லேபிள் வரும்வரை பெட்டிகளை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் தொழில் எதுவும் நீடிக்காது. ஆகவே லேபிளையும் இங்கேயே அடிப்பது என்று ஆனது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. பட்டாசுக்கும் மேலுறை, பெட்டி, விலைப்பட்டியல் எல்லாம் வேண்டியிருந்தது. 1927-ல் வந்த விருதுநகர் – தென்காசி ரயில் பாதை சரக்கு போக வழி திறந்தது.

இப்படி இரண்டு தொழில்களுக்கு ஊழியம் செய்ய வந்த மூன்றாவது தொழில் இன்று அவற்றின் நிழலிலிருந்து வெளியே வந்து தனியே நிற்கிறது. பட்டாசுக்கு நீதிமன்ற வழக்குகள், தீப்பெட்டிக்கு லைட்டர். அச்சுக்கும் சோதனைகள் உண்டு. ஆனாலும் அது சரக்கை மாற்றி மாற்றிப் பிழைக்கத் தெரிந்த தொழில். அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது, இன்னும் எவ்வளவு காலம் கைகொடுக்கும் என்பதே இங்கே பார்க்க வேண்டிய கேள்வி.

முதலில் ஊரைச் சுற்றியிருக்கும் பெருமைப் பேச்சை ஓரமாக வைக்க வேண்டும். இந்தியாவின் ஆப்செட் அச்சில் 60 விழுக்காடு சிவகாசியில்தான் நடக்கிறது என்பது பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. தில்லி, மும்பை, சென்னை, ஐதராபாத் எல்லாம் அச்சில் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அதை அப்படியே ஏற்க முடியாது. ஜெர்மனியின் குட்டன்பர்க் நகருக்கு அடுத்தபடி உலகிலேயே அதிக அச்சகங்கள் உள்ள ஊர் சிவகாசி என்பார்கள். குட்டன்பர்க் என்பது மைன்ஸ் நகரில் பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சு எழுத்துகளை வார்த்த மனிதரின் பெயர். நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் 'குட்டி ஜப்பான்' பட்டமும் இந்த வரிசையில் சேரும். இந்த அலங்காரம் எதுவும் ஊருக்குத் தேவையில்லை. நடக்கும் வேலையை உள்ளபடி சொன்னாலே போதும், அது வியப்புக்குரியது.

வேலையின் அடிப்படை எளிய ஒன்று: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. 1796-ஐ ஒட்டிப் பவேரியாவில் அலாய்ஸ் செனபெல்டர் என்ற நாடகாசிரியர், தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சிட வழி தேடியபோது இதைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைந்து, கல்லை நீரால் நனைத்தார். உருளையில் மை தடவி உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். இதுதான் லித்தோ. அச்சகப் பெயர்ப் பலகைகளில் 'லித்தோ ஒர்க்ஸ்' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, பிறகு அலுமினியம். 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஐரா ரூபல் என்ற அச்சுக்காரரின் இயந்திரத்தில் தாள் போகாமல் தவறி, படம் ரப்பர் உறையில் விழுந்தது. அடுத்துப் போன தாளின் பின்பக்கம் அந்த ரப்பரிலிருந்து பதிந்த படம் முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. தகட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு என்ற ஆப்செட் முறை இப்படித்தான் பிடிபட்டது. சிவகாசி அச்சகங்களில் அந்த ரப்பர் விரிப்பின் பெயர் பிளாங்கெட்.

வண்ணப்படம் என்று நாம் பார்ப்பது நான்கு நிறங்களின் புள்ளிக்கூட்டம். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகடு, அச்சக வழக்கில் பிளேட். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும்: கறுப்பு 45 பாகை, இளஞ்சிவப்பு 75, நீலம் 15, மஞ்சள் நேர்க்கோட்டில். கோணம் பிசகினால் படத்தின் மேல் பட்டுச் சேலையில் தெரிவது போன்ற அலையலையான கோடுகள் வந்துவிடும். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கு 'ரிஜிஸ்டர்' என்று பெயர். ரிஜிஸ்டர் விலகினால் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும்.

அந்தக் காலத்தில் இந்த நிறப்பிரிப்பைக் கையால் செய்தார்கள். லித்தோ ஓவியர் மூலப்படத்தைப் பார்த்துக்கொண்டே, எந்த நிறம் எங்கே எவ்வளவு அடர்த்தி என்று மனத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் அல்லது தகட்டில் புள்ளி புள்ளியாக வைப்பார். கண் வலிக்க வலிக்கச் செய்யும் வேலை. பிறகு பெரிய கேமராவும் நெகட்டிவும் வந்தன, அதன்பின் ஸ்கேனர். இப்போது கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் படம் இறங்கும் சி.டி.பி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கூட்டம் கைவினைஞர்கள் வேலை இழந்தார்கள், இன்னொரு கூட்டம் வந்தது. லித்தோ ஓவியர்களின் பெயர்கள் எந்தத் தாளிலும் அச்சாகவில்லை என்பது இந்த வரலாற்றில் ஒரு பெருங்குறை.

வாடிக்கையாளருக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. ஆயிரம் நோட்டீஸுக்கு ஒரு விலை; இரண்டாயிரம் என்றால் விலை இரட்டிப்பாகாமல் கொஞ்சம்தான் ஏறுகிறது. காரணம் இயந்திரம் ஓடும் நேரத்தில் இல்லை, ஓடுவதற்கு முந்திய நேரத்தில் இருக்கிறது. பிளேட் மாட்ட வேண்டும், மையின் அளவைச் சரிபார்க்க வேண்டும், நீரின் அமிலத்தன்மையைக் கவனிக்க வேண்டும், ரிஜிஸ்டர் பிடிக்க வேண்டும். இதற்குள் ஐம்பது, நூறு தாள் வீணாகப் போகும். எல்லாம் படிந்தபின் இயந்திரம் மணிக்குப் பல ஆயிரம் தாள்களைத் தள்ளிவிடும். ஆக, அச்சுத் தொழிலில் முதல் தாள்தான் விலை உயர்ந்தது.

சிவகாசியின் சாமர்த்தியம் இங்கேதான் வெளிப்படுகிறது. முதல் தாளின் செலவைப் பலர் தலையில் பிரித்துப் போடுவது எப்படி என்று இந்த ஊர் கண்டுபிடித்தது. டபுள் கிரவுன் என்று சொல்லும் 20×30 அங்குலத் தாளில் விசிட்டிங் கார்டுகளை அடுக்கினால் அறுபது வரை கொள்ளும். அறுபதும் ஒரே ஆளின் கார்டாக இருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி மருத்துவரும் ஓசூர் மெக்கானிக்கும் திருப்பூர் பனியன் வியாபாரியும் ஒரே தாளில், ஒரே பிளேட்டில், பக்கத்துப் பக்கத்தில் அச்சாகி, கட்டிங் மெஷினில் பிரிந்து அவரவர் ஊருக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் 'டி.டி.பி. ஆர்ட்ஸ்' என்று பலகை மாட்டியிருக்கும் பல கடைகள் உண்மையில் வடிவமைப்பு மட்டும் செய்பவை. அச்சு இங்கே நடக்கிறது.

இதைவிட அழகான கணக்கு தினசரி காலண்டரில் இருக்கிறது. சாமி படம் போட்ட அட்டையை ஆயிரக்கணக்கில், பல வண்ணத்தில், தகதகப்பாக முன்கூட்டியே அடித்து வைத்துக்கொள்வார்கள். கீழே ஓரிடம் வெறுமையாக இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் இருநூறு காலண்டர் கேட்டாலும் சரி, நகைக்கடைக்காரர் இருபதாயிரம் கேட்டாலும் சரி, அந்த வெற்றிடத்தில் கடையின் பெயரை மட்டும் தனியாக அடித்துக் கொடுத்துவிடலாம். படம் எல்லோருக்கும் பொது, பெயர் மட்டும் தனி. இந்த ஒரு யோசனையால்தான் ஒரு பெட்டிக்கடைக்காரரும் தன் பெயர் போட்ட காலண்டரை வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடிகிறது.

காலண்டர் அட்டையில் ஒட்டும் தேதித்தாள் தனி உலகம். லட்சம் காலண்டர் என்றால் 3 கோடியே 65 லட்சம் தாள். ஒவ்வொன்றிலும் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், பண்டிகைகள், இஸ்லாமியத் தேதி. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வித்தியாசம் வரும் நாட்களில் மெய்ப்பு பார்ப்பவரின் தலை சுழலும். ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டால் அந்தத் தவறு ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களில் ஓராண்டு தொங்கும். அச்சடித்த தாள்களை வெட்டி, நாள் வரிசை மாறாமல் அடுக்கி, முதுகில் பசையிட்டு, அட்டையில் சேர்க்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களின் கைகளே இருக்கின்றன. இயந்திரத்தின் விலையைப் பெருமையாகச் சொல்லும் முதலாளிகள், இந்தக் கைகளின் வேகத்தையும் அதே பெருமையோடு சொல்ல வேண்டும். கூலியிலும் அது தெரிய வேண்டும்.

காலண்டர் ஆண்டு ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. ஆடி 18 அன்று பூசை போட்டு, அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சரஸ்வதி எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஃபாயில் மினுமினுப்பு எப்படி, அட்டையின் விளிம்பு வெட்டு என்ன வடிவம் என்று புரட்டிப் பார்த்து வியாபாரிகள் எண்ணைக் குறிப்பார்கள். ஆர்டர் குவிவது தீபாவளி முடிந்தபின். அரசு விடுமுறைப் பட்டியல் வழக்கமாக அக்டோபர், நவம்பரில்தான் வெளியாகும்; அது வந்தபின்தான் சில தாள்களை முடிக்க முடியும். எனவே நவம்பர், டிசம்பரில் இந்த ஊரில் இரவு என்று ஒன்று கிடையாது.

காலண்டரின் சாமி படங்களை வரைந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை குறைப்பட்டுவிடும். சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898 – 1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். நாடகத் திரையில் பழகிய அவருடைய கைக்குக் கோபுரமும் அருவியும் பட்டு மடிப்பும் நகையின் கல் மினுக்கும் இயல்பாக வந்தன. காலண்டர் அச்சு பெருகியபோது அவர் வரைந்த மீனாட்சி கல்யாணமும் முருகனும் லட்சுமியும் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயின. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற மாணவர்கள் ஒரு பரம்பரையாகவே வளர்ந்தார்கள். தென்னிந்தியப் பூசையறையில் சாமிக்கு முகம் இப்படித்தான் இருக்கும் என்று பல தலைமுறைகளுக்குப் பதிந்துபோனதில் இந்தக் கோவில்பட்டி ஓவியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. கஜ்ரி ஜெயின் 2007-ல் வெளியிட்ட 'காட்ஸ் இன் த பஜார்' என்ற ஆங்கில ஆய்வு நூல் சிவகாசி காலண்டர் வியாபாரத்தை ஆழமாகப் பார்க்கிறது. தமிழில் அதற்கு ஈடாக ஒரு நூல் வர வேண்டும் என்பது பல காலத் தேவை.

சிவகாசி அடித்த சரக்குகளின் பட்டியல் நீளமானது: நோட்டுப் புத்தகம், டைரி, பாடநூல், திருமண அழைப்பிதழ், சுவரொட்டி, லேபிள், ஸ்டிக்கர். அதில் பலரும் மறந்துவிடுவது காமிக்ஸ். 1972-ல் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது. 1984-ல் அதே குடும்பத்தின் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் வந்தது. ஐரோப்பியச் சித்திரக் கதைகளை உரிமம் பெற்று, தமிழாக்கி, இந்த ஊரிலிருந்தே தமிழ் பேசும் இடமெல்லாம் அனுப்பி வைத்தார்கள். அச்சகங்கள் நிறைந்த ஊர் என்பதால் மட்டும் இது நடந்துவிடாது. அச்சைத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வாசிப்பின் மேலும் ஆசை இருந்ததால் நடந்தது.

தேர்தல் வந்தால் இன்னொரு பருவம். இங்கே சட்டம் குறுக்கே நிற்கும். 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியைக் கொடுத்தால்தான் அச்சிடலாம். அச்சிட்டபின் அந்த உறுதிமொழியையும் ஒரு பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரொட்டியின் அடியில் கடுகளவு எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயர் இருப்பதன் காரணம் இதுதான். ஓர் அவதூறுச் சுவரொட்டிக்குப் பின்னால் யார் என்று தேடும்போது காவல்துறை முதலில் பார்க்கும் வரியும் அதுவே. பெயர் போடாமல் அடித்துத் தரும் அச்சகம் ஜனநாயகத்துக்குத் தீங்கு செய்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் பக்கத்து அச்சகத்தின் பிழைப்பையும் கெடுக்கிறது.

மேலே சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடச் சக்கரம் தெரியும். தீபாவளிக்கு முன் பட்டாசுப் பெட்டி, அதன்பின் காலண்டரும் டைரியும், பங்குனி சித்திரையில் நோட்டுப் புத்தகமும் பாடநூலும், ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகை, நடுவில் தேர்தல். ஒன்று ஓயும்போது இன்னொன்று எழும். பெருநகரத்துப் பெரிய அச்சகம் ஒரு வகை வேலையில் தேர்ச்சி பெற்று அதிலேயே நிற்கும். இங்கே ஊர் மொத்தமாகத் திரும்பிக்கொள்கிறது. அப்படித் திரும்ப முடிவதற்குக் காரணம் வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதுதான். பிளேட் போடுபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர், லேமினேஷன் ஒரு தெருவில், யு.வி. பூச்சு அடுத்த தெருவில், பெட்டியை வடிவாக வெட்டும் டை செய்து தருபவர் இன்னோரிடம், டை கட்டிங் வேறிடம், மடிப்பும் பைண்டிங்கும் மற்றோரிடம். அச்சான தாள்கள் சின்ன வண்டிகளில் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லா இயந்திரமும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஓர் இயந்திரம் வைத்திருப்பவரும் பெரிய வேலையை ஒப்புக்கொள்ளலாம். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இயந்திரங்களிலும் இந்தச் சிக்கனம் உண்டு. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க், ஜப்பானின் கொமோரி புதிதாக வாங்கினால் கோடிகளில் போகும். ஐரோப்பிய அச்சகங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களை இறக்கி, பிரித்து, கழுவி, உதிரிப் பாகம் செய்து போட்டு ஓட வைப்பது இங்கே பழகிய கலை. கிழக்கு ஜெர்மனியின் பிளானட்டா இயந்திரங்கள் அவற்றைத் தயாரித்த நாடே மறைந்தபிறகும் இங்கே ஓடின. கையேட்டைப் படிக்காமலே ஓசையை வைத்துக் கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளும் இந்தத் தொழிலின் முதலீடுதான்.

ஆனால் காகிதத்தில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. அச்சகக்காரர் காகிதத்தைக் கிலோவில் வாங்கி, எண்ணிக்கையில் விற்கிறார். 20×30 அங்குலத்தில் 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாள் ஒரு ரீம், அதாவது 500 தாள், ஏறத்தாழ 11.6 கிலோ. ஜி.எஸ்.எம். கொஞ்சம் கூடினாலும் அதே எடைக்குத் தாள் குறையும். பெரும்பாலான வேலைகளில் மிகப் பெரிய செலவு காகிதம்தான். விலை ஏறினால் அதைத் தாங்கும் இடைவெளி சிறிய அச்சகத்துக்கு இல்லை. ஆல்பம் காட்டி ஆடியில் பேசிய விலைக்கு, மார்கழியில் ஏறிய விலைக் காகிதத்தில் காலண்டர் அடித்துத் தர வேண்டிய நிலை பலமுறை வந்திருக்கிறது. கரூர் காகிதபுரத்தில் 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. ஈரோட்டுக்கு அருகே சேஷசாயி ஆலை இருக்கிறது. ஆலைகள் பக்கத்தில் இருந்தாலும் விலை உலகச் சந்தையின் பிடியில் இருக்கிறது.

வரியும் இதே போல. 2021 அக்டோபரில் அட்டைகள், விலைப்பட்டியல்கள் உள்ளிட்ட அச்சுப் பொருட்களின் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. 2022 ஜூலையில் அச்சு மையும் 18-க்கு ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கு வரி முழுதாக நீங்கியது. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்றால், அதைச் செய்ய வாங்கிய மைக்கும் அட்டைக்கும் பசைக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தச் சுமை உற்பத்தியாளர் தலையில் தங்கும். வரியைக் குறைப்பவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பார்ப்பது சரியாகாது.

போன சரக்குகளின் கணக்கும் உண்டு. 2003-ல் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தபோது சீட்டு அச்சு பெரும் அடி வாங்கியது. குடும்பங்களைக் காத்த தடை அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சகங்கள் வேறு வேலை தேடிக்கொண்டன. பொங்கல் வாழ்த்து அட்டை கைப்பேசியில் கரைந்தது. மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நடிகர் படங்களும் கரும்புப் படங்களும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சுவரொட்டியின் இடத்தில் பாதியை ஃபிளெக்ஸ் பிடித்தது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது நோட்டுப் புத்தகம் முடங்கியது. டைரி கேட்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தினசரி காலண்டர் மட்டும் அசையவில்லை. நல்ல நேரம் பார்க்கக் கைப்பேசியில் செயலி இருந்தும், காலையில் எழுந்து ஒரு தாளைக் கிழிக்கும் பழக்கம் நம் வீடுகளில் விடவில்லை.

இனி வளர்ச்சி எங்கே என்றால், விடை ஊர் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது: பொருளைச் சுற்றும் பெட்டி. மிட்டாய்ப் பெட்டி, மருந்து அட்டை, மசாலாப் பொடியின் வெளிப்பெட்டி, பேக்கரி டப்பா, துணிக்கடைப் பை. வாசிக்கும் காகிதத்தைத் திரை விழுங்கலாம். லட்டுவைத் திரையில் கட்டிக் கொடுக்க முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின், பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் முத்திரையும் கியூ.ஆர். குறியும் அச்சாக வேண்டியதாயிற்று. பெட்டி என்பது அலங்காரத்தோடு முடியாமல் சான்றிதழாகவும் ஆகிவிட்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் மருந்துப் பெட்டியில் எழுத்துப் பிழை உயிரைத் தொடும், உணவுப் பெட்டியில் மையின் வாடை இருக்கக் கூடாது, நிறம் முதல் பெட்டியிலும் பத்து லட்சமாவது பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து மை கூட்டும் பழக்கம் அங்கே போதாது. அளவுகோலும் பயிற்சியும் வேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் தரமணியில் உள்ள அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்திலும் படித்து வருபவர்களை இந்த ஊரின் நடுத்தர அச்சகங்கள் இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாக இயந்திரத்தில் நிற்பவருக்கும் அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்லித்தர வேண்டும்.

தொழிலாளர் பக்கம் பார்த்தால், இந்த வட்டாரத்தில் அச்சகம் பாதுகாப்பான வேலையாகக் கருதப்படுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் விபத்துகள் நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை அச்சகத்துக்கு அனுப்பும் தாய்க்கு அது நிம்மதிதான். அதற்காக அச்சகத்தில் ஆபத்தே இல்லை என்று இருந்துவிட முடியாது. கட்டிங் மெஷினின் கத்தி கவனம் பிசகினால் விரலை எடுத்துவிடும். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே கத்தி இறங்கும் அமைப்பும், குறுக்கே கை வந்தால் நிறுத்தும் ஒளிக்கதிர்த் தடுப்பும் நல்ல இயந்திரங்களில் உண்டு. வேகம் குறைகிறது என்று அவற்றைக் கழற்றிவிடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது குற்றம். பிளாங்கெட் கழுவும் கரைப்பான்களின் ஆவி நாள் முழுதும் மூக்கில் ஏறுவதும் சிறிய விஷயம் அல்ல. காற்றோட்டமில்லாத அறைகளில் இயந்திரம் போடுவதைத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் கண்டும் காணாமல் விடக் கூடாது.

அச்சுக்குக் கொடுப்பவர்களும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. மெய்ப்பை முழுதாக, வாய்விட்டு, பெயரும் தேதியும் தொலைபேசி எண்ணும் சரிதானா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிளேட் ஏறியபின் திருத்தம் என்பது புது வேலை. கைப்பேசித் திரையில் ஒளிரும் நிறம் காகிதத்தில் அப்படியே வராது, அச்சடித்த மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். புத்தகம் என்றால் பக்கக் கணக்கை 16-இன் மடங்கில் வையுங்கள், காகிதம் மிச்சமாகும். காலண்டருக்கான ஆர்டரைத் தீபாவளிக்கு முன்பே முன்பணத்தோடு கொடுத்துவிடுங்கள். டிசம்பர் கடைசியில் கொடுத்துவிட்டுப் புத்தாண்டுக்கு முதல் நாள் கேட்பவருக்காக யாரோ சிலர் இரவு முழுதும் நின்றபடி தாள் அடுக்குகிறார்கள்.